அவசர வேலை

கடைசி வளைவில் பூபதியின் படகு மறுபடியும் பாறையில் மோதியது. தப்பு அவன் கையில் இல்லை. திரை ஒரு கணம் உறைந்து நின்றது, அடுத்த கணம் துள்ளி முன்னால் போனது. அந்த இடைவெளிக்குள் பாறை வந்துவிட்டது. காதில் மாட்டியிருந்த கருவிக்குள் அவனுடைய அணிக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணனுக்கு வயசாயிருச்சு என்றான் ஒருவன்.

ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை. நாள் முழுக்க ஊர்க்காரர்கள் கையில் ஊசி குத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், கணினியில் கடலோட்டம் ஆடுவது ஒன்றுதான் அவனுக்கு இளைப்பாறல். அதிலும் சனிக்கிழமை மாவட்டப் போட்டி. இந்தத் திக்கலோடு போட்டிக்குப் போனால் மானம் போய்விடும்.

கணினியைத் திறந்து தூசி தட்டினான். விசிறியை மாற்றினான். சில்லின் மேல் காய்ந்து போயிருந்த பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவினான். டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தான், பிறகு பழையதற்கே திரும்பினான். ஆட்டத்தில் நிழல்களையும் கடல் நுரையையும் குறைத்துப் பார்த்தான். எதற்கும் அது அசையவில்லை. வேகத்தை அளந்தால் சராசரி நன்றாகவே இருந்தது. ஆனால் படங்கள் சீராக வரவில்லை. ஒவ்வொரு படமும் வர எடுக்கும் நேரத்தைக் கோடாக வரையும் வசதியைப் போட்டுப் பார்த்தான். கோடு நேராகப் போனது, திடீரென்று கொத்தாகச் சில முட்கள் எழுந்தன, கொஞ்சம் ஓய்ந்தன, மறுபடி எழுந்தன. படகைத் துறைமுகத்தில் சும்மா நிறுத்திவைத்தபோதும் முட்கள் எழுந்தன. அப்படியானால் கோளாறு ஆட்டத்தில் இல்லை. அவன் கணினியை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்.

அது யார் என்று தெரியாவிட்டாலும் எதன் வழியாக என்று அவனுக்குத் தெரியும். அண்டைக்கணிப்பு. தொலைவில் இருக்கும் பெருங்கணினிக் கூடங்களுக்குப் போய்த் திரும்பும் நேரத்தைக்கூடப் பொறுக்காத வேலைகள் சில உண்டு. செயற்கைக் கால் அடுத்த அடியை எங்கே வைப்பது, நடுங்கும் கையைக் கருவி எப்படிப் பிடித்து நிறுத்துவது போன்றவை. அவற்றை அக்கம்பக்கத்து வீட்டுக் கணினிகளே பங்கிட்டுச் செய்தன. புதுக் கணினி வாங்கும்போதே அந்த ஏற்பாடு உள்ளே இருக்கும், அணைக்க முடியாது. யாருடைய வேலை எந்த வீட்டில் நடக்கிறது என்பதை, அந்தரங்கம் கருதி, யாருக்கும் சொல்வதில்லை. ஒரே ஒரு விலக்கு இருந்தது. வீட்டுக்காரருக்கே அவசர வேலை இருந்தால் அதைக் குறித்துவைக்கலாம், அண்டை வேலை ஒதுங்கி வேறு வீட்டுக்குப் போய்விடும். வீட்டிலிருந்தபடி நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களை மனதில் வைத்துச் செய்தது அது.

பூபதி கடலோட்டத்துக்கு நேரே குறியைப் போட்டான். இது அவசர வேலையா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினான்.

படகு ஆற்றில் விட்ட வாழையிலை போலப் போனது. முள் ஒன்றுகூட இல்லை. சந்தோஷம் தாங்காமல், வழிமுறையை அப்படியே குடியிருப்பின் குழுவில் எழுதிப் போட்டான். இளவட்டங்கள் கொண்டாடினார்கள். நீங்க தெய்வம்ணா என்று எதிர்வீட்டுப் பெண் எழுதினாள். அடுத்த நாளுக்குள் பாதிக் குடியிருப்பு அதைச் செய்துவிட்டது. அண்டை வேலை வேறு வீட்டுக்குப் போய்விடும் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். எல்லா வீட்டிலும் அவசரம் என்றால் அது எங்கே போகும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பூபதி முன்னணியில் இருந்தபோது மாடிப்படியில் ஏதோ உருண்ட சத்தம் கேட்டது. அவன் மனைவி கனகா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். வெளியிலிருந்து அவனைக் கூப்பிட்டாள். ரெண்டே நிமிஷம் என்று அவன் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது. அவன் ஜெயித்தான். வெளியே வந்து பார்த்தபோது ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

விழுந்தவர் மேல் வீட்டுத் துரைசாமி. சர்க்கரை நோயில் பார்வை போனவர். அவர் மனைவி பாக்கியத்துக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு பேச்சுப்பட்டை கட்டியிருப்பார். கழுத்துத் தசை அசைவதை வைத்து அவர் சொல்ல நினைப்பதைக் கண்டுபிடித்து, அவருடைய பழைய குரலிலேயே அது பேசும். கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. படியிறங்கும்போது பாக்கியம் முன்னால் போவார். படி, படி, இப்பத் திரும்புங்க என்று அந்தக் குரல் சொல்லச் சொல்லத் துரைசாமி பின்னால் வருவார்.

மறுநாள் காலையில்தான் கனகா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றாள். படியில் யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் கேனைப் பார்த்து அந்தம்மா கத்தியிருக்கிறார்.

"நில்லுங்கன்னு சொல்லியிருக்காங்க. 'நி' மட்டுந்தான் வந்துச்சாம். மிச்சம் அவர் விழுந்தப்புறம் வந்துச்சாம். நாலஞ்சு நாளாவே திக்குதாமுங்க. பட்டையில கோளாறுன்னு நெனச்சுட்டாங்க."

பூபதி பாதி இட்லியோடு எழுந்துவிட்டான். துணிமணி எடுக்கப் பாக்கியம் வீட்டுக்கு வந்தபோது, கூடமாட உதவிக்குப் போ என்று கனகாவை அனுப்பினான். எனக்குப் போன் போட்டு அதை அணைக்காமல் கையிலேயே வைத்திரு என்றான், காரணம் சொல்லவில்லை. பிறகு கடலோட்டத்தைத் திறந்தான்.

"அந்தப் பச்சைத் து… துண்… எங்…" என்றது போன்.

ஆட்டத்தை மூடினான். துண்டை எங்கே வைத்தேன் கண்ணு என்று குரல் தெளிவாகக் கேட்டது. திறந்தான், உடைந்தது. மூடினான், சேர்ந்தது. ஒரு முறை செய்தாலே போதும். கை கேட்காமல் அவன் திரும்பத் திரும்பச் செய்தான்.

குறியை எடுத்துவிட்டு, எல்லோரும் எடுத்துவிடுங்கள் என்று குழுவில் எழுதினான். சிலர் எடுத்தார்கள். மற்றவர்களின் வீட்டுக்கு நேரிலேயே போனான். எதிர்வீட்டுப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். ஒரு வேலைக்கு எத்தனை வீடு வேண்டும், நீங்கள் எடுத்துவிட்டீர்கள் இல்லையா, அது போதாதா என்று கேட்டாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். அவன் அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்கியத்தின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. 

"உங்க பட்டையில ஒண்ணும் கோளாறு இல்லீங்மா" என்றான். "நான் வெளையாடறதுக்காக உங்க பேச்சைத் தள்ளிவெச்சுட்டேன். மத்தவங்களுக்கும் சொல்லிக்குடுத்தேன். உங்க பேச்சுன்னு தெரியாது. ஆனா யாரோ ஒருத்தரோடதுன்னு தெரியும்."

படகு முட்டியதிலிருந்து தொடங்கி, அவனுக்குத் தெரிந்த வரையில் எளிமையாக விளக்கினான். பாக்கியம் கழுத்துப் பட்டையைத் தொட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவரோ, இத்தனை நாளும் நான் பேசினதெல்லாம் உன் வீட்டுக்குள்ளயா ஓடிட்டு இருந்துச்சு என்று கேட்டார். கூச்சத்தில் முகம் சிவந்துவிட்டது. நேரங்காலம் தெரியாத வீட்டில் போய் உட்கார்ந்துகொண்ட விருந்தாளியைப் போல நெளிந்தார்.

"அப்ப என்னாலதான் உன்ற படகு முட்டிக்கிச்சா கண்ணு?" என்றார்.



துரைசாமி வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் கட்டிலோடுதான். பூபதி ஆடுவதையே விட்டுவிட்டான். அணிக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம், பாக்கியத்தின் பேச்சு தடங்கலில்லாமல் போகிறதா என்று அறியவேண்டும் போலிருந்தது. ஆட்டத்தைத் திறந்து, படகைத் துறைமுகத்தில் விட்டுவிட்டுக் கோட்டைப் பார்த்தான். முள் ஒன்றுமில்லை. மற்ற வீடுகளும் பங்கெடுத்துக்கொண்டன போலிருக்கிறது என்று மனசு கொஞ்சம் லேசானது. மறுநாள் சாயங்காலமும் பார்த்தான், அதற்கு மறுநாளும் பார்த்தான். கோடு நேராகவே இருந்தது. விடுமுறையன்று காலையில் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. கோடு முழுக்க முட்கள், கொத்துக் கொத்தாக, நிற்காமல். அன்று மாலை வீடுகளுக்குள் ஆட்டங்களின் சத்தம் தொடங்கியதும் முட்கள் அடங்கிவிட்டன.

மற்றவர்கள் ஆடும் நேரத்தில் அந்த வேலை இங்கேதான் வந்திருக்க வேண்டும். மாடிக்கு ஓடினான். விளக்குக்கூடப் போடவில்லை. பாக்கியம் கட்டிலருகே உட்கார்ந்து துரைசாமியின் கையைப் பிடித்திருந்தார். இவனைக் கண்டதும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"யாரு, பூபதியா?" என்றார் துரைசாமி. "பொழுது சாஞ்சா இவ வாயத் தொறக்கறதில்ல சாமி. இவ பேச்சு நின்னுதுன்னா இருட்டிருச்சுன்னு தெரிஞ்சுக்குவேன்."

பூபதி கெஞ்சினான். குறியை எடுத்துவிட்டேன், நான் இப்போது ஆடுவதேயில்லை, நீங்கள் எந்நேரமும் பேசலாம் என்றான். பாக்கியம் ஒரு பொய்யைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்பவரைப் போலச் சிரித்தார். பிறகு, சாயங்காலத்துச் சொற்களைச் செலவழிக்க மனமில்லாதவராக, மெல்லச் சொன்னார்.

"எந்த ஊட்ல யாரு வெளையாடறாங்கன்னு எனக்கெப்படித் தெரியும் கண்ணு? சின்னஞ்சிறுசுக. பகல்ல பேசிக்கறோம்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. துரைசாமி பார்வையில்லாத கண்களைக் குரல் வந்த பக்கமே திருப்பி, இன்னும் வருமா என்று காத்திருந்தார்.

பூபதி கீழே வந்து கணினி முன்னால் உட்கார்ந்தான். கனகா சாப்பிடக் கூப்பிட்டாள். வருகிறேன் என்றான், எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு முள்ளுக்காக அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் அவன் படகு, துளியும் திக்காமல், அலையோடு அலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.