பேரிங் வண்டியில் ஒரு நகரம்

மோன்தெர்ரேய் நகரத்தை மூன்று முறை கட்டினார்கள். முதல் இரண்டு முறையும் கட்டியவர்கள் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த தளபதிதான் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களைக் கூட்டிவந்து, ஊற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இனிமேல் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

அந்தத் தளபதியாக நடிக்க எவரிஸ்தோவைத் தேர்ந்தெடுத்திருந்தார் அம்பாரோ டீச்சர். ஐந்தாம் வகுப்பில் அடம்பிடிப்பதற்கு அவனை விட்டால் ஆள் கிடையாது.

நகரத்தின் பிறந்தநாள் செப்டம்பரில் வரும். அன்று பள்ளிக்கூடமே ஊர்வலம் போகும். ஒவ்வொரு வகுப்பும் ஏதாவது செய்துகாட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்பு நகரத்தின் வரலாற்றைக் காட்ட வேண்டும் என்று முடிவானது. தளபதி, ஊற்று, ஊரையே அடித்துக்கொண்டு போன ஆற்று வெள்ளம், ரயில், இரும்பு உலை என்று வரிசையாக ஐந்து காட்சிகள். எல்லாம் ஒரே லாரியின் மேல்.

டெல்ஃபினாவுக்கு உலை. கொடுத்ததல்ல, அவள் கேட்டு வாங்கியது. டீச்சர் எழுதிய காட்சியில் உயரத் தொப்பி வைத்த முதலாளி வந்து ரிப்பன் வெட்டுவார். அத்தோடு முடிந்தது.

"இரும்பு எப்ப டீச்சர் வரும்?" என்று கேட்டாள் டெல்ஃபினா.

ரிப்பன் வெட்டியதும் வரும் என்றார் டீச்சர்.

"தானாவா வரும்?"

டீச்சர் சிரித்துவிட்டார். முதலாளியின் தொப்பி மறுபடி பெட்டிக்குள் போனது. டெல்ஃபினா உலைக்காரி ஆனாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளுடைய அப்பா கிரெசென்சியோ இரும்பாலையில் ஊது உலைக்கு முன்னால் நிற்பவர். உலையின் வாயைத் திறந்து இரும்புக் குழம்பை மணல் வாய்க்காலில் ஓடவிடுவது அவருடைய வேலை. அப்படி ஓடும்போது ஆலைக் காலனி வானமே சிவந்துபோகும். துணி உலர்த்துகிற அம்மாக்கள் முகமெல்லாம் சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்தால் டெல்ஃபினா, "எங்கப்பா திறந்துட்டாரு" என்பாள். வானம் முழுக்கத் தன் அப்பாவுடைய சொத்து என்பதுபோல இருக்கும் அந்தப் பேச்சு.

ஆனால் அந்த அப்பா அவளுடைய பள்ளிக்கூட விழா எதையும் இதுவரை பார்த்ததே இல்லை. முயலாக நடித்தபோதும் பார்க்கவில்லை, மேரி மாதாவாக நடித்தபோதும் பார்க்கவில்லை. இந்த முறை நடிக்கப்போவதே அவரைத்தான். இதையும் பார்க்காவிட்டால் எப்படி?

ஊர்வலத்துக்கு முதல்நாள் சாப்பிடும்போது கேட்டாள். அப்பா கோதுமை டோர்ட்டியா ரொட்டியைக் கிழித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"உலைக்குப் பண்டிகை தெரியாது கண்ணு. நாங்க எல்லாரும் ஊர்வலம் பாக்கப் போயிட்டா உள்ள இரும்பு உறைஞ்சுபோயிடும். அப்புறம் உலையே போச்சு."

டெல்ஃபினா அழக்கூடாது என்று பீன்ஸை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அம்மா வேறு, பசி போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் இன்னொரு இடி விழுந்தது. மரச்சாமான் கடைக்காரர் கொடுப்பதாகச் சொன்ன லாரி வரவில்லை. அச்சு முறிந்து சந்தைக்குப் பக்கத்தில் நிற்கிறதாம். ஹெட்மாஸ்டர் வந்தார். லாரி இல்லாவிட்டால் ஐந்தாம் வகுப்பு ஊர்வலத்தில் கிடையாது, ஓரமாக நின்று மற்ற வகுப்புகளுக்குக் கை தட்டட்டும் என்றார்.

தளபதி எவரிஸ்தோ கொடிக்கம்பத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். வெள்ளமாக வரவேண்டிய இரண்டு பெண்கள் நீலப் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிஜமாகவே தண்ணீர் விட்டார்கள்.

டெல்ஃபினா மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலோரத்தில் பிள்ளைகளின் பேரிங் வண்டிகள் நின்றன. பலகை, முன்னால் ஒரு கயிறு, அடியில் ஆலையில் கழித்துப்போட்ட பேரிங்குகளே சக்கரம். அந்தக் காலனியில் வண்டி இல்லாத பிள்ளை கிடையாது. மத்தியானம் பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடி, சாப்பாட்டுத் தூக்குகளை அதில் ஏற்றிக்கொண்டு ஆலைவாசலுக்கு இழுத்துப் போவார்கள். ஆலையின் சாப்பாட்டுச் சங்கு ஊதும்போது கடைவீதி முக்கில் திரும்பிவிட்டால் சூடு ஆறுவதற்குள் அப்பாக்களின் கைக்குப் போய்ச் சேரும். விழா நாள் என்பதால் இன்றைக்குச் சாப்பாட்டை அம்மாக்களே கொண்டுவருவதாக ஏற்பாடு. வண்டிகளுக்கு விடுமுறை.

"டீச்சர், ஒரு லாரிக்குப் பதிலா அஞ்சு வண்டி இருக்கே. ஆளுக்கு ஒரு காட்சி ஏத்திக்கலாம்."

சாப்பாட்டு வண்டியிலா நகரத்தின் வரலாறு என்று ஹெட்மாஸ்டர் மூக்கைச் சுளித்தார். டெல்ஃபினா விடவில்லை. இந்த ஊர் ஆரம்பித்தபோது லாரியே கிடையாது, தளபதியே கட்டை வண்டியில்தான் சாமான் கொண்டுவந்திருப்பார் என்றாள்.  சரி, கடைசியில் வந்து தொலையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் ஹெட்மாஸ்டர்.

அவ்வளவுதான், வகுப்பே பரபரத்தது. முதல் வண்டியில் எவரிஸ்தோவின் அட்டைக் கோட்டை. அவன் இரண்டு முறை கொடியை நட்டு, இரண்டு முறையும் விழுந்து, மூன்றாவது முறை நட்டுவிட்டு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசி வண்டியில் உலை. அது ஒரு பழைய தகர டிரம். உள்ளே இருப்பதிலேயே குட்டிப் பையன் நிகானோர் உட்கார்ந்துகொண்டு, மேல்பக்கமாக மாவை ஊதிப் புகை விடுவான், கீழ் ஓட்டை வழியாகச் சிவப்புக் காகித நாடாவைத் தள்ளுவான். டெல்ஃபினா ஒரு கம்பியால் ஓட்டையைக் குத்தித் திறப்பதுபோலக் குத்தி, அந்த நாடாவை இழுத்துவிட வேண்டும். ஒத்திகையிலேயே நிகானோருக்கு ஏழெட்டுத் தும்மல் வந்தது. உலை தும்மினால் நன்றாகத்தான் இருக்கிறது என்று டீச்சர் விட்டுவிட்டார்.

பாண்டு வாத்தியக்காரர்கள் வந்து சேரவே வெகு நேரமாகிவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறும்போதுதான் ஊர்வலம் கிளம்பியது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று எல்லாரும் முன்னால் போனார்கள். கடைசியாக ஐந்து வண்டிகளும் கடகடவென்று இரைந்துகொண்டு போயின. கடைவீதி முக்கில் எல்லா வகுப்பும் வலப்பக்கம் திரும்பிச் சதுக்கத்தை நோக்கிப் போயிற்று. அங்கேதான் மேயர் காத்திருந்தார்.

எவரிஸ்தோவின் வண்டி முக்குக்கு வந்தது. சரியாக அந்த நேரத்தில் ஆலைச் சங்கு ஊதியது.

எவரிஸ்தோ இடப்பக்கம் திரும்பினான். அவன் ஒன்றும் யோசிக்கவில்லை, தினமும் திரும்புகிற கால் திரும்பிவிட்டது. பின்னால் ஊற்று திரும்பியது. வெள்ளம் திரும்பியது. ரயிலும் திரும்பியது. வரலாறு மொத்தமும் ஆலைச் சந்துக்குள் நுழைந்துவிட்டது.

டெல்ஃபினாவின் கையும் கயிற்றை இடப்பக்கம்தான் இழுத்தது. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு கத்திய பிறகுதான் அவளுக்கு என்ன நடந்தது என்றே புரிந்தது. ஆனால் பேரிங் சத்தத்தில் முன்னால் போகிறவர்கள் காதில் எதுவும் விழவில்லை. டீச்சர் அவளை ஓடச் சொன்னார். டெல்ஃபினா கயிற்றை ரயில் வண்டியில் மாட்டிவிட்டு, நான்கு வண்டிகளையும் தாண்டி ஓடிப்போய் எவரிஸ்தோவின் சட்டையைப் பிடித்தாள்.

"டேய் லூசு, மேயர் அந்தப் பக்கம்டா."

எவரிஸ்தோ நின்றான். சுற்றிப் பார்த்தான். 

"சங்கு ஊதுச்சு... கால் தானா வந்துருச்சுடி."

இனிமேல் திட்டி என்ன பயன்? ஒரு பக்கம் ஆலைச் சுவர், மறுபக்கம் தண்டவாளம். அட்டைக் கோட்டையையும் டிரம்மையும் வைத்துக்கொண்டு அந்தச் சந்தில் வண்டியைத் திருப்ப முடியாது. ஆலைவாசலுக்கு முன்னால் இருக்கும் திடலுக்குப் போனால்தான் திருப்பலாம். போனார்கள்.

உலையைச் சாப்பாட்டு நேர மாற்றாட்களிடம் விட்டுவிட்டு, திடலில் சுவரோரமாக அப்பாக்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேரிங் சத்தம் கேட்டதுமே சாப்பாடு வருகிறது என்று கையைத் துடைத்துக்கொண்டவர்கள், வண்டியில் கோட்டையும் ரயிலும் வருவதைப் பார்த்துத் திகைத்தார்கள். ஒருவர் எழுந்துவந்து வெள்ளப் போர்வையைத் தூக்கி அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு பெண்கள்தான் இருந்தார்கள். ஏமாந்துபோய்த் திரும்பினார்.

டீச்சர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சீக்கிரம் திருப்புங்கள், மேயர் எழுந்து போய்விடுவார், பள்ளிக்கூடத்தின் மானமே போய்விடும் என்று பதறினார். பிள்ளைகள் வண்டியைத் திருப்ப ஆரம்பித்தார்கள்.

டெல்ஃபினா திருப்பவில்லை. சுவரோரத்தில் நான்காவதாக அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கரி, கழுத்தில் ஈரத்துண்டு. மகளைப் பார்த்துவிட்டு, வேலையிடத்தில் சொந்தக்காரரைப் பார்த்தவர்போல வெட்கப்பட்டுச் சிரித்தார். 

"டீச்சர், இங்க ஒரு தடவ காட்டிட்டுப் போலாம்."

"விளையாடுறியா? மேயர் காத்துக்கிட்டு இருக்காரு."

"மேயர் அடுத்த வருஷமும் பாப்பாரு டீச்சர். எங்கப்பா இப்ப விட்டா எப்பவும் பாக்க மாட்டாரு. அடுத்த சங்கு ஊதுனா எல்லாரும் உள்ள போயிடுவாங்க. காட்டி முடிச்சதும் சதுக்கத்துக்கு ஓடியே போயிடறோம். நான் பொறுப்பு."

டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு மற்ற பிள்ளைகளைப் பார்த்தார். ஒருவர்கூட வண்டியைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் அந்தச் சுவரோரத்தில் தத்தம் அப்பாவிடம்தான் இருந்தது. டீச்சர் சால்வையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, சரி, மளமளவென்று ஆகட்டும் என்றார்.

எவரிஸ்தோ கொடியை நட்டான், விழுந்தான். மறுபடி நட்டான், விழுந்தான். மூன்றாவது முறை நட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டபோது திடலே கை தட்டியது. ஊற்று பொங்கியது. வெள்ளம் வந்தது. ரயில் ஊதிக்கொண்டு வந்தபோது, இதில்தான் நானும் இந்த ஊருக்கு வந்தேன் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இதற்குள் அம்மாக்களும் தூக்குகளோடு வந்துவிட்டார்கள். யாரும் அதைத் திறக்கவில்லை.

உலையின் முறை வந்தது. நிகானோர் மாவை ஊதினான், தும்மினான். டெல்ஃபினா எல்லாருக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று டிரம்முக்கு நேர் முன்னால், ஓட்டையை ஒட்டி நின்றுகொண்டு கம்பியால் குத்தினாள். சிவப்பு நாடா பொலபொலவென்று அவள் காலடியில் வந்து விழுந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய அப்பா சிரிக்கவில்லை. துள்ளி எழுந்துவிட்டார்.

"டெல்ஃபினா, உலை வாய்க்கு நேரா நிக்காத. ஓரமாப் போ. ஓரமாப் போம்மா."

அது வெறும் காகிதம் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.  டெல்ஃபினா சட்டென்று இரண்டடி விலகி ஓரமாக நின்றாள். "அப்படித்தான். கம்பிய நீட்டிப் பிடி, ஒடம்பு கிட்ட வராம," என்றார் அப்பா. பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தலையைத் திருப்பிக்கொள் என்றார் ஒருவர். முழங்காலை மடக்கு என்றார் இன்னொருவர். டெல்ஃபினா ஒவ்வொன்றாகச் செய்தாள். இப்போது அவளைப் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் அப்பா வந்து அவள் தலையில் கரிக்கையை வைத்தார். நல்லா இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை. "பத்திரமா நின்ன," என்றார்.  டெல்ஃபினாவுக்கும் அது போதும்.

பிறகு ஓட்டம்தான். சதுக்கத்துக்குள் ஐந்து வண்டிகளும் இடி இடிப்பதுபோல இரைந்துகொண்டு நுழைந்தபோது மேயர் எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துவிட்டார். சத்தத்தைக் கேட்டு மறுபடி உட்கார்ந்தார். ஹெட்மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவே டீச்சருக்குப் பயமாக இருந்தது. அதனால் பார்க்காமலேயே காட்சியை ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் எல்லாரையும் புகைப்படம் எடுக்கப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். காமிராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, உலைக்காரப் பெண் நடுவில் வரட்டும், உலைக்கு நேர் முன்னால் நிற்கட்டும் என்றார். டெல்ஃபினா அசையவில்லை. ஹெட்மாஸ்டரும் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார்.

"அங்க நிக்க முடியாதுங்க சார். இரும்பு அந்த வழியாத்தான் வரும்."

பத்திரிகைக்காரர் இன்னும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். டெல்ஃபினா கம்பியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, ஓரமாகவே நின்றாள். டிரம்முக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது.

கடைசியில் காமிராதான் நகர்ந்தது.