இடைக்கதவு

படுக்கையறைக் கதவை அவள் சாத்தவில்லை. காலையில் கருத்தரங்குக்குக் கிளம்பும் அவசரத்தில் ஈரத்துண்டை அந்தக் கதவின் மேல்விளிம்பில் போட்டுவிட்டுப் போனது நன்றாக ஞாபகம் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் கதவு சாத்தியிருந்தது. துண்டு சோபாவின் கைப்பிடியில் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அறை துடைக்க வந்தவர்களாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ அட்டை வெளிக்கதவில் அவள் மாட்டிய வாக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

நகரத்தின் நட்டநடுவில், கண்ணாடிக் கட்டடங்களுக்கு இடையே ஒடுங்கி நின்ற பழைய ஓட்டல் அது. ஒவ்வொரு அறையும் ஒரு குட்டி வீடு. முன்னால் சோபா போட்ட கூடம், மூலையில் இரண்டு அடுப்போடு சமையல் மேடை, உள்ளே படுக்கையறை, நடுவில் ஒரு கதவு. எத்தனையோ பேர் நடந்து தேய்ந்த கம்பளம் மழைக்காற்றில் நமுத்துப்போய் வாடை வீசியது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைச் சுவர்தான் தெரிந்தது. அதில் மழைநீர் கோடுகோடாக வழிந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டில், விளக்கு, சுருக்கமில்லாத விரிப்பு, அவ்வளவுதான். கதவு மறுபடி சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் பெட்டியை அண்டக் கொடுத்தாள். தேநீர் போடலாம் என்று தண்ணீர் கொதிக்கவைத்தாள். கெட்டில் இரைந்தது, உறுமியது, டக்கென்று அணைந்தது.

அந்த அமைதியில் அது கேட்டது.

மூன்று தட்டு. ஒரு மூச்சு விடுகிற நேரம் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு.

காது சோதிப்பதுதான் இருபது வருஷமாக அவள் தொழில். ஆட்களைச் சத்தம் புகாத கூண்டில் உட்காரவைத்து, இருக்கிறதா இல்லையா என்கிற அளவு மெல்லிய ஒலியில் ஆரம்பித்து, “கேட்டா கையத் தூக்குங்க” என்பாள். கேட்டும் கேட்காத மாதிரி நடிக்கிறவர்கள் அவளிடம் தப்பிக்க முடியாது. கை சும்மா இருந்தாலும் கண் இமை காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு இது தண்ணீர்க்குழாய்ச் சத்தமா, லிஃப்ட் சத்தமா என்று தெரியாமல் போகுமா? இரும்புக் கட்டில் கம்பியில் மோதிரம் படுகிற சத்தம் அது.

திரும்பிப் பார்த்தாள். பெட்டி கூடத்தின் நடுவில் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது.

வரவேற்பறைக்கு ஃபோன் செய்தாள்.

“பக்கத்து ரூம்ல யாரோ தட்டிக்கிட்டே இருக்காங்க. கொஞ்சம் என்னன்னு பாருங்க.”

“பக்கத்துலயா?” ஏதோ தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. “மேடம், அஞ்சாவது மாடியில இன்னிக்கு நீங்க மட்டும்தான் இருக்கீங்க. வேணும்னா ஆள் அனுப்பவா?”

“வேண்டாம். பரவாயில்ல.”

ஏன் வேண்டாம் என்று சொன்னாள்? வருகிறவனுக்கும் அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். அவளுக்கு மட்டும் கேட்டால் அது வெறும் மனப்பிராந்தி.

கதவின் அடியிலிருந்து ஒரு வாடை மெல்லக் கசிந்து வந்தது. படுக்கைப்புண்ணுக்குப் போடும் களிம்பும் முகப்பவுடரும் கலந்த வாடை. அவள் அக்காவின் அறை வாடை.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் மிஞ்சியது. ஏதாவது வேண்டுமென்றால் மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். பகலெல்லாம் தட்டுவாள். தண்ணீருக்கு ஒரு மாதிரி, தலையணைக்கு ஒரு மாதிரி, ஒன்றுமே இல்லாமல் பக்கத்தில் வந்து உட்கார் என்பதற்கும் ஒரு மாதிரி. இவளும் சலிக்காமல்தான் பார்த்துக்கொண்டாள். இரண்டு வருஷம். அதன் பிறகு, போன வருஷம், ஒரு மத்தியானம். அன்றைக்கு விரிப்பை மூன்றாவது முறை மாற்றிவிட்டுக் கூடத்தில் வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். தட்டல் ஆரம்பித்தது. எழுந்து போனாள். அறைக்குள் போகவில்லை. நடுக்கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அது தண்ணீருக்கான தட்டல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவளுடைய காதுக்குத் தெரியும். மூச்சுக்குத் திணறுகிறவளின் தட்டல். இருபது நிமிஷம் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஓய்ந்தபோது, அப்பாடா என்றிருந்தது.

“அசந்து தூங்கிட்டேன்மா. சத்தமே கேக்கல” என்று சாவுக்கு ஓடிவந்த அக்கா மகளிடம் சொன்னாள். அந்தப் பெண் இவளைக் கட்டிக்கொண்டு, “நீங்க என்ன சித்தி பண்ணுவீங்க, விடுங்க” என்று தேற்றினாள்.

செல்ஃபோன் அடித்தது. அக்கா மகள்தான். அவசரமாக எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். இந்த அறைக்கு ஒரு மனிதக் குரல் தேவைப்பட்டது.

“சித்தி, சாப்பிட்டீங்களா? மழையில நனையலையே?”

“இல்லடா. இப்பத்தான் வந்தேன்.”

“குரலே சரியில்லையே. உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. அலைச்சல்.”

கதவுக்கு அந்தப்பக்கம், மூன்று தட்டு. பிறகு இன்னும் மூன்று. முன்னைவிட வேகமாக.

“யாரு சித்தி தட்றது?”

அவள் ஃபோனை மேஜையின் மறுஓரத்துக்கு நகர்த்தினாள்.

“சித்தி?” பெண்ணின் குரல் இறங்கிவிட்டது. “அது... அம்மா தட்ற மாதிரியே இருக்கு.”

இப்போது இடைவெளியே இல்லை. தட்டல்மேல் தட்டல். அந்த மத்தியானத்தின் தட்டல்.

சொல்லிவிடலாம். இப்போதாவது சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

“தட்றதா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

தட்டல் நின்றது.

மழையும் நின்றது. இல்லை, மழை நிற்கவில்லை. சுவரில் தண்ணீர் அப்படியே வழிந்துகொண்டிருந்தது. அதன் சத்தம்தான் இல்லை. ஃப்ரிட்ஜின் முனகல் இல்லை. தெருவின் இரைச்சல் இல்லை. “ஹலோ” என்றாள். தொண்டை அதிர்ந்தது. காதில் விழவில்லை. மேஜையை ஓங்கி அறைந்தாள். கை எரிந்தது. சத்தமில்லை.

ஃபோனைப் பார்த்தாள். அழைப்பு துண்டிக்கப்படவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

நடுக்கதவு திறந்தது.

முதலில் கை. கம்பளத்தில் ஊன்றி, உடம்பை இழுத்து. பிறகு தலை. ஒரு பக்கம் தொங்கிய வாய். அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி ஊர்ந்து போனது. புடவை நுனி அவள் காலில் உரசியது. ஈரம். குளிர்.

மேஜைக் காலைப் பிடித்து எழுந்தது.

ஃபோனை அணைக்க வேண்டும். கை வரவில்லை. கால் வரவில்லை.

அக்கா ஃபோனுக்குமேல் குனிந்தாள். மூன்று வருஷமாக அசையாத உதடுகள் அசைந்தன. நிதானமாக. ஒவ்வொரு சொல்லாக. பேசிக்கொண்டே இருந்தன.

திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த முனையில் அந்தப் பெண் வைத்துவிடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.