பொய் சொன்ன 127

பிணத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது...

காவேரி அறை வாசலில் நின்றாள். கணவன் மதியழகன் நாற்காலியோடு சரிந்து கிடந்தான். கையில் பென் டிரைவ்.

"தொடாதீங்க அண்ணி. ஷாக்கு."

கொழுந்தன் முனிராஜ் ஓடிப்போய் மெயினை அணைத்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு ரோட்டில் போய் நிற்கும்படி அவளிடம் சொன்னான். போனாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. பயனில்லை.

ஐந்து நாள் போனது. காவேரி அழவில்லை. யாரோ களி போட்டார்கள், தின்றாள். யாரோ படுக்கச் சொன்னார்கள், படுத்தாள்.

ஆறாம் நாள் எஸ்.ஐ. கலைமணி வந்தார்.

பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி சூடாகி நின்றுவிடும். அதைக் கண்காணிக்க மதியழகன் ஒரு சாஃப்ட்வேர் போட்டு வைத்திருந்தான். பெட்டிக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு வோல்ட் என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் அது குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பைத் திரையில் காட்டினான் முனிராஜ்.

"127 டிகிரி சார். கொதிச்சுப்போயி ஷார்ட்டாயிருக்குது. பதினஞ்சு வருசத்துப் பொட்டி."

கலைமணி தலையாட்டினார். ஆனாலும் அரூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாஞ்சாலியைக் கையோடு அழைத்து வந்திருந்தார்.

அவள் நெடுநேரம் படித்தாள்.

"127 பொய்ங்க சார். அந்த எடத்துல சென்சாரே கெடையாது. இல்லாத சென்சாருக்கு இது இப்படித்தான் ஏதாவது காட்டும். பன்னண்டு வோல்ட் இருக்க வேண்டிய எடத்துல ரெண்டுன்னு காட்டுது பாருங்க, அதுவும் பொய். ரெண்டு வோல்ட்ல பொட்டி ஓடவே ஓடாது."

"அப்ப எதுதான் நெசம்?"

பாஞ்சாலி வேறொரு வரிசையில் விரலை வைத்தாள். பெட்டிக்குள் இருந்த சூடு. சம்பவத்தன்று காலையிலிருந்து 46, 46, 46... பத்து மணி பத்து நிமிஷத்துக்குத் திடீரென்று இறங்க ஆரம்பித்து 37. பன்னிரண்டு நிமிஷம் கழித்து மறுபடி ஏற்றம்.

பானை மூடியைத் திறந்தால் ஆவி போகிற மாதிரிதான் என்றாள். யாரோ பெட்டியைத் திறந்து, மூடியிருக்கிறார்கள்.

அண்ணன்தான் தூசி தட்டியிருப்பார் என்றான் முனிராஜ். இருக்கலாம் என்றார் கலைமணி.

பாஞ்சாலி இன்னும் கீழே போனாள்.

"பதினொண்ணு ஒம்பதுக்கும் தெறந்திருக்காங்க சார்."



காவேரி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது பதினொன்று ஆறுக்கு. அப்போது மதியழகன் பிணம்.

"மெயினைத்தான் நிறுத்திட்டாங்களே?" என்றார் கலைமணி.

"யூபிஎஸ்ல ஓடியிருக்குதுங்க. குறிச்சிக்கிட்டேதான் இருந்திருக்குது."

கலைமணி காவேரி பக்கம் திரும்பினார். "அந்த நேரம் இந்த ரூம்ல யாரும்மா இருந்தது?"

காவேரி யோசித்தாள். ரோடு ஞாபகம் வந்தது. வெயில் ஞாபகம் வந்தது.

"நான் ரோட்டுல நின்னேனுங்க. முனிராஜ்தான் உள்ள இருந்தாரு."

"அண்ணன் செத்துக் கெடக்கறப்ப பொட்டிக்குள்ளாற என்னடா எடுத்த?" என்று முனிராஜ் பக்கம் திரும்பினார் கலைமணி.

முனிராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்தான். கரண்ட் வயரை உள்ளே தகரத்தோடு சேர்த்து வைத்ததையும், பிறகு உருவி எடுத்ததையும் மெல்லிய குரலில் சொன்னான். சொல்லும்போது எஸ்.ஐ.யைப் பார்க்கவில்லை. காவேரியைப் பார்த்தான்.

"அண்ணனுக்கு வெக்கல அண்ணி. தெனமும் பதினோரு மணிக்கு நீங்கதான அதுல உக்காருவீங்க..."

மாமனார் மேட்டு நிலத்தை அவள் பேரில் எழுதி வைத்திருந்தார். முனிராஜ் பலமுறை கேட்டும் அவள் தரவில்லை. அவள் போய்விட்டால் நிலம் அண்ணன் கைக்கு வரும். தம்பி கேட்டால் அண்ணன் கொடுத்துவிடுவான்.

ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன் மனு நிரப்பிக் கொடுக்கிறவள் காவேரி. அன்றைக்கு அடுப்பில் பால் இருந்தது. ஒரே ஒரு பிரிண்ட் எடுத்துத் தரும்படி கணவனைக் கேட்டிருந்தாள்.

உள்ளேயிருந்து ஏதாவது பொங்கி வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. அன்றைக்கு அடுப்பை அணைத்தோமா, இல்லையா என்று மட்டும் யோசனை ஓடியது.

"அந்த நெலம் உனக்கு எதுக்கு முனிராஜ்?" என்று கேட்டாள். கோபமே இல்லாத குரல்.

அவனை வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் கூட்டிப் போனார்கள்.

கடைசியாக ஒரு கான்ஸ்டபிள் திரும்பி வந்து, கம்ப்யூட்டரை ஜீப்பின் பின்னால் தூக்கிப் போடட்டுமா என்று கேட்டார்.

"போடறதா? மெதுவா மடியில வெச்சு எடுத்துட்டு வாய்யா," என்றார் கலைமணி. "நம்ம கேஸுல அப்ரூவரே அதுதான்."