திரைக்கு வெளியே மூன்று கீபோட்

கணவர் முகைதீன்பாவா மௌத்தாகி முப்பதாம் நாள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு, நஸீபாவின் அறைத் திரைக்கு அப்பால் ஆள் வந்து நிற்கும் அரவம் கேட்டது.

கொழுந்தன் ஸாஹிராகத்தான் இருக்கும். கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பெண் அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது, கணவனின் தம்பியும் அந்நியன்தான். ஆகவே எதைச் சொன்னாலும் திரைக்கு வெளியே நின்றே சொல்வான். அந்த முகத்தைப் பார்க்காமல் இருப்பது அவளுக்கும் நிம்மதி.

காத்தான்குடி வாவிக்கரையில் பிறந்து, வாவியைக் குறுக்காக நீந்திக் கடக்கிற மனிதர் தோணி கவிழ்ந்து மூழ்கினாராம். கூடப் போன தம்பி மட்டும் கரை சேர்ந்தானாம். யார் நம்புவது?

முகைதீன்பாவா அன்றாடம் நடந்ததைத் தன் முதல் கம்ப்யூட்டரில் எழுதி வைப்பார். பச்சை எழுத்து ஓடும் முப்பத்தைந்து வருடப் பழைய பெட்டி. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார். கடைசி நாள் காலையிலும் தட்டினார். மூன்றாம் நாள் கத்தம் ஓதிய அன்று ஸாஹிரின் கை தவறி, அந்தக் கீபோட்டில் தேத்தண்ணி கொட்டுப்பட்டது. அத்தனை இடம் இருக்க அதன்மேல்தான்! வேறொன்று வாங்கித் தரச் சொன்னால், அந்தக் காலத்துச் சாமான் எங்கேயும் இல்லை என்பான். கடைக்குப் போக இவளுக்கும் வழியில்லை. அவர் கடைசியாக என்ன எழுதினார் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"மூணு இரிக்கு. பாத்து எடு."

குரல் கரகரத்தது. 'எடுங்க' என்று சொல்ல வாய் வராதா இவனுக்கு? எரிச்சலோடு, திரைக்கடியில் நகர்ந்து வந்த பையை இழுத்தாள். பை நனைந்திருந்தது. வாவிச் சேற்று வாடை அடித்தது.

முதலாவதின் முனை சின்னது. பெட்டியின் பெரிய வட்டத் துளைக்குள் அது நிற்கவில்லை.

இரண்டாவது பொருந்தியது. எந்தக் கட்டையைத் தட்டியும் ஓர் எழுத்தும் வரவில்லை.

"வேணுமெண்டே பழுதானதக் கொண்டாந்தீங்களா மச்சான்?"

மற்றதையும் பையிலிருந்து எடுத்தாள்.

மூன்றாவது கனத்தது. கட்டைகளுக்கிடையில் மணல் இருந்தது. அதுவும் பொருந்தியது, அதுவும் பேசவில்லை.

"அடியில பாரு. சின்ன சுவிச்சு. அதத் தள்ளிட்டு, பெட்டிய நூத்துப் போடு. பழசுக்கு அப்பிடித்தான்."

தள்ளினாள். அணைத்துப் போட்டாள். பெட்டி கீச்சிட்டது, பச்சை எழுத்துகள் ஓடின.

ஸாஹிருக்குக் கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கவே தெரியாது.

நினைப்பு வந்தும் அதை ஒதுக்கிவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

'வட்டை வயல்காணிய எழுதித் தரச் சொல்லி ஸாஹிர் நேத்து என்ட கழுத்தப் புடிச்சான். இண்டைக்குச் சமாதானம் பேசத் தோணியில வரட்டாம். எனக்கு மனம் சரியில்ல. எண்டாலும் தம்பிதானே.'

இத்தாவாவது ஒன்றாவது! சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடுவதென்று திரையை விலக்கினாள்.

யாரும் இல்லை.

தரையில் தண்ணீர் மட்டும் தேங்கிக் கிடந்தது.

அப்போது வாசற்கதவு தட்டப்பட்டது.

"மச்சி! நான் ஸாஹிர். ஒரு கடையிலயும் கீபோட் இல்ல. அந்தப் பெட்டிய ஏத்த ஆட்டோ கொண்டாந்திரிக்கன். தொறங்க."

அவளுடைய உம்மா மருந்து எடுக்கப் போனபோது நஸீபாவேதான் அந்தக் கதவைத் தாழிட்டாள், இப்போதுதான் நினைவு வந்தது. தாழ்ப்பாள் போட்டபடியே கிடந்தது.

"வீட்டில தனியவா இரிக்கீங்க மச்சி?"

அவளுடைய முதுகுக்குப் பின்னால், டக்.

டக். டக்.

திரும்பினாள். நாற்காலியில் ஆள் இல்லை. கட்டைகள் மட்டும் ஒவ்வொன்றாக அமுங்கி எழும்பின. பச்சை எழுத்துகள் நிதானமாக வந்து விழுந்தன.

'தொறக்காத புள்ள.'

வெறும் நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.