காலித் தூளியின் எடை

வெறும் தூளி இரண்டு கிலோ எண்ணூறு காட்டியது.

அமலா அதைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். முள் பூஜ்யத்துக்குப் போனது. மாட்டினாள். மறுபடியும் இரண்டு எண்ணூறு. விட்டத்தில் சுவர்க்கடிகாரம் போலத் தொங்கும் அந்தத் தராசில் மர்மம் எதுவும் கிடையாது. உள்ளே ஒரே ஒரு சுருள்வில். எடை இரண்டு மடங்கானால் வில் நீள்வதும் இரண்டு மடங்காகும். அந்த நீளத்தைத்தான் முள் சுற்றிக் காட்டுகிறது. வில் தளர்ந்திருந்தால் தூளி இல்லாதபோதும் முள் தள்ளி நிற்க வேண்டும். தூளித் துணி முள்ளை அசைக்காத அளவு லேசு; ஈரமென்றால் நூறு இருநூறு கிராம் கூடலாம். அடுப்பருகே காயவைத்த வேறொரு தூளியை மாட்டிப் பார்த்தாள்.

இரண்டு எண்ணூறு.

அது 1998 ஜூலை. புனே அருகே கடக்வாஸ்லா அணையைத் தாண்டி ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் மலையடி ஊர். அங்கே ஓடு வேய்ந்த சின்ன மருந்தகம். ஈப்போவில் நர்ஸிங் முடித்துவிட்டு, ஆறு மாதம் தொண்டு செய்வதற்காக அமலா மலேசியாவிலிருந்து வந்திருந்தாள். தங்கியது சுமன் என்ற மராட்டிப் பெண்ணின் வீட்டில். சுமனின் கணவனுக்குச் சாகண் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை, ஞாயிறு மட்டும் வருவான். அமலாவுக்கு மராட்டி கொஞ்சம்தான் வரும், சுமனுக்கு ஹிந்தி கொஞ்சம்தான் வரும். மிச்சத்தை நான்கு மாதக் குழந்தை பிங்கி தன் சிரிப்பால் நிரப்பிவிடுவாள்.

வியாழக்கிழமைதோறும் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். கடக்வாஸ்லாவிலிருந்து நர்ஸ் மங்கையர்க்கரசி பஸ்ஸில் வருவாள்; அப்பாவின் ராணுவ வேலையால் இந்தப் பக்கமே பிறந்து வளர்ந்தவள். அமலா தராசின் கதையைச் சொன்னதும் சிரித்தாள்.

"பாரிஷ் வந்தா, மழை ஈரத்துல அது அப்படித்தான் பண்ணும். உங்க ஈப்போ தராசெல்லாம் ஏசியில இருக்கும் போல. கழிச்சு எழுதிக்கோ, சலோ."

கழித்து எழுதினாள். பிங்கி ஐந்து கிலோ இருநூறு.

அடுத்த வியாழன், வெறும் தூளி மூன்று இருநூறு. பிங்கி நான்கு எண்ணூறு.

சுமனையும் பிங்கியையும் இருவரும் புனேவுக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர்கள் எல்லாம் பார்த்தார்கள். குழந்தைக்கு ஒரு நோயும் இல்லை. திரும்பி வந்ததும் சுமன், வீட்டு வாசலில் குரலை இறக்கி, அரைகுறை ஹிந்தியில் அமலாவிடம் ஒன்றைச் சொன்னாள். பால் சுரக்கிறது. பிங்கி வாய் வைப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது.

அதற்கடுத்த வியாழன் மூன்று அறுநூறு. பிங்கி நான்கு நானூறு.

மழை விடவேயில்லை. மருந்தகத்தில் டெட்டால் வாடைக்கும் ஊறிய மண் வாடைக்கும் அடியில், மருந்து அலமாரியையும் மேசை இழுப்பறையையும் திறந்து தேடியும் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல், புளித்த பாலின் வாடை ஒன்று மெல்லக் கிளம்பித் தூளியைச் சுற்றியே நின்றது. காற்றில்லாத நேரத்திலும் கொக்கி கிறீச்சிட்டது. துணியின் நடுவில் ஒரு குழி. கையால் நீவினால் மறையும். கையை எடுத்தால் வரும்.

நான்காவது வியாழன் தூளி நான்கு கிலோ. பிங்கி நான்கு கிலோ.

ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, வாரம் நானூறு கிராம். இன்று இரண்டும் ஒன்று. அடுத்த வாரத்தை நினைக்க அமலாவுக்குப் பயமாக இருந்தது. மங்கைக்கு வரைந்து காட்ட, இழுப்பறையிலிருந்து ஒரு வளர்ச்சி அட்டையை உருவினாள்.

அதில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருந்தது. இரண்டு எண்ணூறு. அவள் வைத்த புள்ளிதான்.

ஜூன் கடைசியில் ஊர்ப் பெண்கள் மூவருக்கு எடை பார்க்கக் கற்றுக்கொடுத்தபோது எழுதியது. நிறை தெரிந்த ஒரு பொருளை வைத்துத்தான் தராசைச் சோதிக்க வேண்டும் என்று சுமனின் அம்மிக் குழவியைக் கேட்டு வாங்கி, ரேஷன் கடையில் நிறுத்து, துணியில் சுற்றித் தூளியில் கிடத்தியிருந்தாள். அட்டையில் கேஷவ் என்று ஏதோ ஒரு பெயர். மூவரில் ஒருத்தி பாதியில் எழுந்து போனது இப்போது நினைவுக்கு வந்தது.

மங்கை அட்டையை வாங்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"பேரை வாய்விட்டுக் கூப்பிட்டியா?"

"மூணு தடவை, அக்கா. வரிசையில கூப்பிடற மாதிரி செஞ்சு காட்டினேன்."

மங்கை ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்தில் பன்னிரண்டாம் நாள் பெயர் வைக்கும்போது முதலில் குழவியைத்தான் துணியில் சுற்றித் தொட்டிலில் போடுவார்கள், குழந்தை கல்லு மாதிரி நிலைக்கட்டும் என்று. கல்லை எடுத்த கையோடு குழந்தையைக் கிடத்திவிட வேண்டும். தொட்டிலைக் காலியாக விடக் கூடாது.

"நீ கல்லை எடுத்துட்ட. குழந்தையைப் போடல. ஏதோ ஒண்ணு வந்து படுத்துக்கிச்சு."

அமலா அட்டையையே பார்த்தாள். எந்தப் பொருளும் ஒரு முறைப்படிதான் இயங்கும், இதுவும் அப்படித்தான். பெயர் இருக்கிறது. எடை இருக்கிறது. தாயின் பெயர் என்ற கட்டம் மட்டும் காலி. தாய் யாரென்று தெரியாத குழந்தை, கல் வந்த வீட்டுக்குப் போயிருக்கிறது.

வெளியே தாழ்வாரத்தில் சுமன் பிங்கியை மடியில் வைத்திருந்தாள். பிங்கி அழவில்லை. அழ அவளிடம் தெம்பில்லை.

அமலா மேசை முன் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள்.

"வேண்டாம்டி," என்றாள் மங்கை. "நீ ஊருக்குத் திரும்பிப் போகணும்."

எழுதினாள். அ-ம-லா.

கொக்கி கிறீச்சிட்டது. முள் நடுங்கியது. மூன்று. இரண்டு. ஒன்று.

தாழ்வாரத்தில் மடக் மடக்கென்று பால் விழுங்கும் சத்தம். சுமன் விம்மினாள்.

மங்கை மெல்ல எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கண் தராசில் இல்லை. அமலாவின் மடியில் இருந்தது.

கனத்தது. நான்கு கிலோ. மழையில் கிடந்த கல்லின் குளிர்ச்சி. கண்ணுக்கு ஒன்றுமில்லை. சட்டையின் முன்பக்கம் எதனாலோ பற்றப்பட்டு, சுருங்கி, இழுபட்டது. நெஞ்சில் ஒரு சுரீர்.

சட்டை நனைந்தது.

அமலா முதல் பொத்தானைக் கழற்றினாள்.

வெறும் தூளி பூஜ்யம் காட்டியது.