லோகனின் வேட்டிப் படம்

பொங்கல் விழாவில் சிலம்பம் சுற்றியபோது லோகனின் வேட்டி அவிழ்ந்துவிட்டது. உள்ளே காற்சட்டை இருந்ததால் பெரிய நட்டமில்லை. ஆனால், ஐந்தாம் ஆண்டு வகுப்பின் இணையப் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் குமுதா, வேடிக்கைக்காக அந்தப் படத்தையே அங்கே போட்டுவிட்டாள்.

அதன்பின் இரண்டு நாள்களாக லோகன் பள்ளிக்கு வரவில்லை.

குமுதாவின் மனம் உறுத்தியது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அவனுடைய வேறொரு படத்தைப் போட்டாள். மாற்றிவிட்டதாக அவனுக்குச் செய்தியும் அனுப்பினாள். மாலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருந்த அவனுடைய அடுக்குமாடி வீட்டுக்குச் சென்றாள்.

கதவைப் பாதி திறந்த லோகன் கைப்பேசியை நீட்டினான்.

"மாத்திட்டேன்னு சொன்ன. இது என்ன?"

அதில் வேட்டி அவிழ்ந்தபடியே இருந்தது.

"நெசமா மாத்திட்டேன் லா."

"பொய் சொல்லாத. நான் அப்பாகிட்ட வேற ஸ்கூல் கேட்டுட்டேன்."

குமுதா கைப்பேசியை வாங்கினாள். திரையை உற்றுப் பார்த்தாள். படத்தின் கீழே, 'மன்னித்துவிடு, லோகன்' என்று அவள் அன்று காலையில் எழுதிய வரி தெரிந்தது. எழுத்து புதியது, படம் மட்டும் பழையது.

அம்மாவின் கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறந்தாள். அங்கே லோகன் கம்பை ஓங்கிக் கம்பீரமாக நின்றான்.

"அம்மா இப்பதான் மொத தடவ பாக்குறாங்க. நீ எத்தன தடவ பாத்த?"

"நூறு இருக்கும்," என்றான் லோகன், தரையைப் பார்த்தபடி.

"அதான். ஒவ்வொரு தடவையும் படத்த நெட்லேருந்து கொண்டுவந்தா லேட் ஆகும்னு, பிரௌசர் ஒரு காப்பிய போன்லயே வச்சுக்குது. அடுத்த தடவ அதே பேர்ல படம் கேட்டா, அதத்தான் காட்டுது. நான் புதுப் படத்துக்கும் பழைய பேரையே வச்சுட்டேன்."

"அப்போ கிளாஸ்ல எல்லார் போன்லயும் நான் இப்படித்தான் நிக்கிறேனா?"

அது அவளுக்குத் தோன்றாத கேள்வி. வகுப்பில் முப்பத்திரண்டு பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்ட முடியுமா?

சற்று யோசித்தவள், படத்துக்குப் புதிய பெயரிட்டு, இணையப் பக்கத்திலும் அந்தப் பெயரையே எழுதினாள்.

"இந்தப் பேர்ல யார் போன்லயும் காப்பி இல்ல. புதுசா கொண்டுவந்துதான் ஆகணும்."

லோகன் பக்கத்தை மீண்டும் திறந்தான். சிறு வட்டம் சுழன்றது. பிறகு கம்பை ஓங்கிய லோகன் வந்து நின்றான். அவன் வெகுநேரம் அதைப் பார்த்தான்.

"என்ன பேரு வச்ச?"

"சிலம்ப வீரன் லோகன்."

"ரொம்ப ஓவர் லா," என்ற லோகன், கதவை அகலத் திறந்தான். "உள்ள வா. ரெண்டு நாள் ஹோம்வொர்க்க காட்டு."