பச்சைப் பொத்தானை அழுத்திய விரல்

தையல்காரி நாற்றுப்பண்ணை அலுவலகக் கதவைத் தட்டவில்லை. மோதிக்கொண்டு உள்ளே வந்தாள். தோள்பைக்குள் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

“ஒரு தொட்டி வைக்கக்கூட எங்க வீட்ல இடமில்ல. எனக்கு எதுக்குங்க மெயில்ல உங்க செடி மடல்? காலையிலேர்ந்து மெயில் வந்து கொட்டுது. தூண்டில் சங்கமாம், பியானோ வகுப்பாம்! யாரோ என் பேரை ஊரெல்லாம் எழுதிக் கொடுத்திருக்காங்க.” அதிரும் பையை மேசைமேல் வைத்தாள். “பிரிஞ்சு வந்ததிலேர்ந்து, பாப்பாவைத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு புருஷன் மிரட்டுறார். இதுவும் அவர் வேலையோன்னு பயமா இருக்கு.”

பண்ணையின் மடல் பட்டியலைக் கவனிப்பவள் அமைதியாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். போலி முகவரிகளைச் சலித்து எறிவதால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘சல்லடை’. பக்கத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த அவளுடைய கொழுந்தன் துள்ளினான்.

“ரோபோ வேலை அண்ணி! ஒரே தட்டுல ஆயிரம் பட்டியல்ல சேத்துவிடும். கேஸ் முடிஞ்சுது.”

“கொஞ்சம் வாயை மூடுறியா?” சல்லடை திரையை நோக்கிக் குனிந்தாள். “அம்மா, யார் உங்க பேரைக் கொடுத்தாலும் நாங்க முதல்ல ஒரு கடிதம் அனுப்பி, ‘நீங்கதானா?’ன்னு கேப்போம். அதுல இருக்கிற பச்சைப் பொத்தானை அழுத்தினாத்தான் சேர்ப்போம்.”

“அந்தப் பொத்தானே வேண்டாம்னு தினமும் நான் சண்டை போடுறேன்,” என்று முணுமுணுத்தான் கொழுந்தன்.

“இவங்க அழுத்தியிருக்காங்க. இப்பத்தான்,” என்றாள் சல்லடை.

“நானா? பஸ் ஏறும்போதே பயந்துபோய் போனைப் பையில போட்டுட்டேன். எதையும் தொடாதேன்னு நாத்தனார் வேற சொல்லியிருந்தா. பொழுது விடியும்போதே கூப்பிட்டு, ‘மெயில் நிறைய வரும், திறக்காதே, வைரஸ்’னு...”

தையல்காரி பைக்குள்ளிருந்து போனை வெளியே எடுத்தாள்.

“வர்றதுக்கு முன்னாடியே அவங்களுக்கு எப்படித் தெரியும்?” சல்லடை மெல்லக் கேட்டாள். “உங்க மெயிலை வேற எங்கயாவது திறந்தீங்களா?”

“போன வாரம்... அவ வீட்டுக் கம்ப்யூட்டர்ல. ஒரு சட்டை டிசைனைப் பிரிண்ட் எடுத்தேன். மூடினேனா இல்லையா, ஞாபகமில்ல.”

“மூடல. ரோபோ பட்டியல்ல சேர்க்கும். உங்க கடிதத்தைத் திறந்து பொத்தானை அழுத்தாது. அவங்க உங்க மெயில் பெட்டிக்குள்ள இருந்து எதையோ அவசரமா அழிக்கும்போது விரல் பச்சை மேல பட்டிருக்கு. இந்தக் குப்பை முழுக்க உங்களை பயமுறுத்த இல்ல. ஒரே ஒரு கடிதத்தை மறைக்க. அழிச்சதெல்லாம் போற இடத்தைத் திறங்க.”

தையல்காரி போனில் அந்த இடத்தைத் திறந்தாள். அங்கே ஒன்றே ஒன்று கிடந்தது, பாப்பாவின் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து: ‘தாங்கள் எழுதிக் கேட்டபடி, இன்று முதல் குழந்தையை அத்தையும் அழைத்துச் செல்லலாம்.’

“நான் எழுதவே இல்லையே!”

சல்லடை அதற்குள் கடிதத்திலிருந்த எண்ணில் காப்பகத்தை அழைத்திருந்தாள். ஸ்பீக்கரில் ஆயாவின் குரல் கேட்டது. “அத்தை வாசல்ல நிக்கிறாங்கம்மா. பாப்பா செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கா.”

“அனுப்பாதீங்க!” தையல்காரியின் அலறலில் கொழுந்தன் ஸ்கூட்டர் சாவியைத் தேடி மேசையையே கவிழ்த்தான். “கதவைச் சாத்துங்க! செருப்பைக் கழட்டுங்க!”

மறுமுனையில் தாழ்ப்பாள் விழும் ஓசை. யாரோ வெளியிலிருந்து கதவைத் தட்டினார்கள். அதற்கு நடுவே, வெகு அருகில், ஒரு சின்னக் குரல் சிணுங்கியது.

“ஏம்மா? இன்னைக்கு நானே சரியான கால்ல போட்டேனே.”